கவுண்டியின் நட்டநடு

கிட்டுசாமி வாங்கிய மோட்டல் ஆர்டன்வில் ஊருக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த ஊர் நகராட்சி ஆளைப் பார்த்துப் பதில் சொல்லி வந்தது. அறை வரி வசூலிக்க வந்தவர்கள் அது ஊருக்குள் இருக்கிறது என்றார்கள். தண்ணீர்க் குழாய் கேட்டுப் போன கிட்டுசாமியிடம் வெளியே இருக்கிறது என்றார்கள். தெருநாய் ஒன்று வாடிக்கையாளரை விரட்டுகிறது என்று புகார் செய்தபோது, அது விரட்டும் நேரத்தில் எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது என்று கேட்டார்கள்.

கிட்டுசாமிக்குச் சொந்த ஊர் கோபி. டல்லாஸை ஒட்டிய பிளானோவில் லெகசி பக்கம் ஒரு கம்பெனியில் ப்ரோக்ராமராக இருந்தவர். 2002-இல் கிரீன் கார்டு வந்தது. வந்த கையோடு வேலை போனது. இனிமேல் எவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று சபதம் செய்து, வீட்டை விற்று, டோல்வே என்கிற சுங்கச் சாலை முடிந்து அதற்கு மேலும் ஒரு மணி நேரம் காரோட்டிப் போக வேண்டிய ஆர்டன்வில்லில் இந்த மோட்டலை வாங்கினார். விற்ற குஜராத்திக்காரர் கையெழுத்துப் போடும்போது சிரித்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம் என்று கிட்டுசாமி நினைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. மக்ரூடர் கவுண்டிக்கு ஆர்டன்வில்தான் தலைநகர். நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தின் நடுவில் கல் கட்டடத்தில் கோர்ட்டு, கோர்ட்டுக்குப் பின்னால் ஜெயில், எதிரே மாட்டுத் தீவனக் கடை. ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு சர்ச்சுகள் உண்டு. ஒன்றோடு ஒன்று பேசாது. கோர்ட்டுப் புல்வெளியில் ஒரு கருங்கல் பதித்து, 'மக்ரூடர் கவுண்டியின் நட்டநடு இதுவே' என்று பொறித்திருந்தார்கள். ஊரின் பூகோளம் அவ்வளவுதான். மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் சொச்சம் என்பது ஜெயிலில் இருந்தது.

மோட்டலுக்குப் பின்புறம் நகராட்சியின் தண்ணீர்த் தொட்டி வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. சாயங்காலம் அதன் நிழல் பன்னிரண்டு அறைகள் மீதும் விழும். தண்ணீர் மட்டும் விழாது. மோட்டலுக்கென்று ஒரு போர் கிணறு இருந்தது. 2005 கோடையில் மழை பொய்த்தபோது அதில் வந்த கொஞ்சத் தண்ணீரும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வந்த வாடிக்கையாளர்கள் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்து மகள் வெண்பாவுக்குக் கையெல்லாம் தடித்துச் சிவந்துபோயிற்று. மனைவி தனபாக்கியம் கடையில் கேன் தண்ணீர் வாங்கி வந்து, அதை அடுப்பில் சூடு பண்ணி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மக்கில் மொண்டு ஊற்றினாள்.

"மாம், ஐ ஆம் நாட் எ பேபி" என்று வெண்பா அழுதாள்.

"தெரியும் அம்மிணி. திரும்பு, முதுகக் காட்டு" என்றாள் தனபாக்கியம். பிறகு கணவரைப் பார்த்து, "ஏனுங்க, பின்னால நிக்கற டேங்குல இருந்து ஒரு பைப்பு இழுக்க இவனுகளுக்கு என்னங்க கேடு?" என்றாள்.

"அப்ளை பண்ணியிருக்கறேன் தனம். ப்ராசஸ்ல இருக்குது."

"எச்1பி விசாவும் கிரீன் கார்டும் இதே மாதிரித்தான் ப்ராசஸ்ல இருந்துச்சு. அது வர்றதுக்குள்ள தலை நரைச்சிருச்சு."

நகராட்சி அலுவலகத்தில் செயலாளர் டார்லீன் என்ற அம்மாள் இருந்தார். கிட்டுசாமியைக் கண்டால் இனிக்க இனிக்கப் பேசுவார். 'ஹனி' என்பார், 'ஸ்வீட்டி' என்பார், குழந்தை நலமா என்பார், பிறகு முடியாது என்பார். எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் குழாய் கிடையாது; எல்லையை நீட்ட வேண்டுமானால் அங்கே நகராட்சிக் குழாய் இருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால் யாருமே எப்போதும் ஊருக்குள் வர முடியாதே என்று கிட்டுசாமி ப்ரோக்ராமர் மூளையோடு கேட்டார். "அதனால்தான் ஹனி, எங்கள் ஊர் இவ்வளவு அமைதியாக இருக்கிறது" என்றார் டார்லீன்.

அந்த அமைதியைக் கெடுத்தது ப்ரூக்ஹில். அது கவுண்டியின் தெற்கு மூலையில், ஏரிக்கரையில் இருந்த இன்னொரு ஊர். டல்லாஸில் வேலை பார்ப்பவர்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறி, ஆர்டன்வில்லைப்போல் மூன்று மடங்கு ஆகிவிட்டார்கள். கார் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் கல்யாண லைசென்ஸுக்கும் எதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டும், தலைநகரை எங்கள் ஊருக்கு மாற்று என்று மனுக் கொடுத்தார்கள். நவம்பரில் அதற்குத் தேர்தல் என்று முடிவாயிற்று.

ஆர்டன்வில் மேயர் வெர்னன் டில்லார்ட் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். வெள்ளைத் தொப்பி, பெரிய பெல்ட், அதைவிடப் பெரிய வயிறு. அவர் சதுக்கத்தில் கூட்டம் போட்டு ஆற்றிய உரையைக் கிட்டுசாமியும் நின்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நண்பர்களே, ப்ரூக்ஹில்லில் ஜனம் பெருகுகிறது என்கிறார்கள். இன்றைக்கு வருவார்கள், நாளைக்குப் போவார்கள். நம் மக்கள்தொகையைப் பாருங்கள். பத்தில் ஒருவர் ஜெயிலில் இருக்கிறார். இன்னொருவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இவர்களில் யாராவது ஊரைவிட்டுப் போவார்களா? நினைத்தாலும் முடியாது! இதுதான் நிலையான மக்கள்தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, கவுண்டியின் நட்டநடு நம்மிடம் இருக்கிறது. கடவுள் நம்மை நடுவில் வைத்தார். கடவுளைவிட ப்ரூக்ஹில் பெரிதா?"

கூட்டம் கைதட்டியது. ஜெயில் ஜன்னலிலிருந்தும் சிலர் தட்டினார்கள்.

ப்ரூக்ஹில்காரர்கள் கடவுளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சர்வேயரை அனுப்பி ஜிபிஎஸ் வைத்து அளக்கச் சொன்னார்கள். அந்த மனிதர் கருங்கல்லைச் சுற்றி வந்தார், தலையை ஆட்டினார், கருவியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தார். கடைசியில் மோட்டலுக்கு வந்து, ஒன்பதாம் நம்பர் அறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே போய்க் கட்டிலைத் தாண்டி, பாத்ரூமுக்குள் நுழைந்து, டாய்லெட்டுக்கும் குளியல் தொட்டிக்கும் நடுவே கருவியை நிறுத்தினார்.

"இதுதான்" என்றார்.

"எதுங்க?" என்றாள் தனபாக்கியம். அடைப்பு எடுக்க வந்தவர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"மக்ரூடர் கவுண்டியின் நட்டநடு."

செய்தி பத்திரிகையில் வந்தது. ப்ரூக்ஹில்லில் சிரித்தார்கள். கடவுள் வைத்த இடம் ஊர் எல்லைக்கு வெளியே, அதிலும் ஒரு கக்கூஸில் இருந்தது.

மேயர் அன்றே அவசரக் கூட்டம் போட்டு மோட்டலை ஊரோடு சேர்க்கத் தீர்மானம் கொண்டுவந்தார். கிட்டுசாமி காதில் விழுந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, "தனம், தண்ணி வந்துருச்சு!" என்று குதித்தார். அவசரப்பட்டுவிட்டார். மோட்டலைச் சேர்த்தால் எல்லா அறைக்கும் குழாயும் சாக்கடையும் தர வேண்டிவரும் என்று நகராட்சி வக்கீல் எச்சரித்தார். எனவே நெடுஞ்சாலையில் ஒரு கீற்று, கார் நிறுத்துமிடத்தில் ஒரு கீற்று, அதன் முனையில் ஒன்பதாம் நம்பர் அறை, இவ்வளவு மட்டும் ஊரோடு சேர்க்கப்பட்டன. வரைபடத்தில் பார்த்தால் ஆர்டன்வில் ஒற்றை விரலை நீட்டிக் கிட்டுசாமியின் பாத்ரூமைச் சுட்டிக்காட்டுவதுபோல் இருந்தது. எட்டாம் அறையும் பத்தாம் அறையும் வெளியூர்.

ஒன்பதாம் அறைக்குக் குழாய் வந்தது. திறப்பு விழாவும் வந்தது. ஹைஸ்கூல் பேண்டு வெளியே ஊதிற்று. பாத்ரூம் வாசலில் ரிப்பன் கட்டினார்கள். தரையில் பித்தளைத் தகடு பதித்தார்கள். உள்ளே இடம் போதாததால் மேயர் குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றும், பாதிரியார் டாய்லெட் மூடியின் மேல் உட்கார்ந்தும், டார்லீன் கட்டிலில் ஏறி நின்றும் விழாவை நடத்தினார்கள்.

"நம் முன்னோர்கள் இந்த இடத்தைத் தேடித்தான் மேற்கே வந்தார்கள்" என்றார் மேயர், தொட்டியில் நின்றபடி. "இந்த ஊர் யாரையும் கைவிடாது. மிஸ்டர் கிட்டி இங்கே இருக்கிறார். எங்கிருந்தோ வந்த இவரை நாம் அணைத்துக்கொண்டோம். இவரை முழுதாக அணைக்க நிதி இல்லாததால், ஒரு அறை அளவுக்கு அணைத்துக்கொண்டோம்."

விழா முடிந்து போகும்போது அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். அறை ஊருக்குள் வந்தாயிற்று; ஆனால் அதில் குடியிருப்பவர் யாரும் இல்லை. குடும்பம் அங்கே படுத்துத் தூங்கினால் மக்கள்தொகையில் மூன்று கூடும்.

"தூங்கினாப் போதுங்களா?" என்றார் கிட்டுசாமி.

"ஊர் எண்ணிக்கைக்குத் தூக்கம் போதும்" என்றார் மேயர்.

அவர்கள் ஒன்பதாம் அறைக்குக் குடிபோனார்கள். வெண்பா நல்ல தண்ணீரில் குளித்தாள். வெகுநேரம் குளித்தாள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. தனபாக்கியம் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே கடைக்குப் போய்த் தோட்டத்துக்குப் பாய்ச்சும் ரப்பர் குழாய் ஒன்று வாங்கி வந்தாள். ஒரு நுனியைப் பாத்ரூம் குழாயில் மாட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மறு நுனியை மோட்டலின் மேல்நிலைத் தொட்டிக்குள் போட்டாள். பன்னிரண்டு அறையிலும் நல்ல தண்ணீர் வந்தது.

டார்லீன் வந்துவிட்டார். "ஹனி, இது தண்ணீர் ஏற்றுமதி."

"என்னங்க?"

"ஊர்த் தண்ணீர் ஜன்னல் வழியாக ஊரைவிட்டு வெளியே போகிறது. குற்றம்."

விசாரணை நகராட்சிக் கூட்டத்தில் நடந்தது. முதலில் ஜெபம், பிறகு கொடி வணக்கம், பிறகு சதுக்கத்தில் செத்துக் கிடந்த அணில் பற்றி நெடுநேர விவாதம், கடைசியில் தனபாக்கியம். அவள் பேசியது ஆங்கிலம்தான்; ஆனால் அதற்குள் கோபி இருந்தது.

"ரூமுக்கு வர்றவங்க குளிக்கோணுமுங்க. நான் என்ன பண்றது?"

உறுப்பினர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். எட்டாம் அறையில் தங்கியவர் நடந்து வந்து ஒன்பதாம் அறையில் குளித்தால் அது குற்றமா என்று ஒருவர் கேட்டார். வக்கீல் விதிகளைப் புரட்டினார்.

"குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார் மேயர். "தண்ணீர் ஆளைத் தேடிப் போனால் திருட்டு. ஆள் தண்ணீரைத் தேடி வந்தால் சுற்றுலா."

அதன்பின் காலையில் மோட்டலுக்கு வந்து பார்த்தவர்கள், லாரி ஓட்டுநர்களும் எண்ணெய்க் கிணற்று ஆட்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்பதாம் அறை வாசலில் வரிசையில் நிற்பதைக் கண்டார்கள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து வெண்பா பாலில் சீரியல் போட்டுத் தின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு 'எக்ஸ்க்யூஸ் மீ மேம்' சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் குளிக்கப் போவார்கள். ஆர்டன்வில்லின் சுற்றுலாத்துறை புதிய உச்சம் தொட்டதாகப் பத்திரிகையில் மேயர் பேட்டி கொடுத்தார். ஆனால் ஒரு முறை வரிசையில் நின்றவர்கள் மறுமுறை வரவில்லை. அக்டோபரில் வரிசையே இல்லாமல் போயிற்று. கிட்டுசாமி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து காலியான கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிளானோவுக்கே போயிடலாமா தனம்?" என்றார் ஒருநாள். "யாராச்சும் கான்ட்ராக்ட் வேலை குடுப்பாங்க."

"வீட்டையும் வித்துப்போட்டு வந்துட்டம். எங்கீங்க போறது?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

இந்தச் சமயத்தில் மேயர் வோட்டுக் கேட்டு வந்தார். ஒன்பதாம் அறைக்கு வெளியே கிட்டுசாமியின் தோளைத் தட்டி, "உங்கள் மூன்று வோட்டும் நமக்குத்தானே?" என்றார்.

"எங்களுக்கு வோட்டு இல்லீங்களே. கிரீன் கார்டுதான். சிட்டிசன்ஷிப்புக்கு இன்னும் டைம் இருக்குது."

மேயரின் கை தோளிலிருந்து இறங்கியது. "யாருக்குமே இல்லையா?"

"வெண்பாவுக்கு உண்டுங்க. இங்கயே பொறந்தவ. இன்னும் பத்து வருசம் ஆகோணும்."

மேயர் வெண்பாவைப் பார்த்தார். அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. "பரவாயில்லை" என்றார் கடைசியில். "ஜனநாயகத்தில் எண்ணப்படுவதும் ஒரு சேவைதான். நீங்கள் தொடர்ந்து தூங்குங்கள்."

அவர் கார் கிளம்பிப் போனதும் தனபாக்கியம் பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு பழைய அறைக்குப் போனாள். மறுநாள் ப்ரூக்ஹில்லில் ஏரிக்கரை வீடுகளை விற்கும் ஒரு பெண்மணிக்குப் போன் செய்தாள். தலைநகர் மாற்றப் போராட்டத்துக்கு அந்தம்மாள்தான் தலைவி. ஆர்டன்வில்லில் அவர்களுக்கு ஆபீஸ் போட யாரும் இடம் தரவில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

அடுத்த நாள் ஒன்பதாம் அறை ஜன்னலில் 'தலைநகர் ப்ரூக்ஹில்லுக்கே' என்ற பலகை தொங்கியது. கிட்டுசாமி ஓடி வந்தார்.

"ஐயோ தனம், என்ன வேல பண்ணிப்போட்ட? டவுனே நம்ம மேல பாயும்!"

"நான் என்னங்க பண்ணினேன்? மோட்டல் வெச்சிருக்கறோம். ரூம் கேட்டாங்க, குடுத்தேன்."

பத்திரிகைக்காரர்கள் டல்லாஸிலிருந்தே வந்துவிட்டார்கள். கவுண்டியின் நட்டநடுவில், மேயர் பதித்த பித்தளைத் தகட்டின் மேல் நின்றுகொண்டு அந்தப் பெண்மணி பேட்டி கொடுத்தார்: "ஆர்டன்வில்லின் பெருமை எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்." கேமரா டாய்லெட்டைக் காட்டியது.

மேயர், வக்கீல், டார்லீன் மூவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள்.

"அவர்களை உடனே வெளியேற்ற வேண்டும்" என்றார் மேயர்.

"முடியாதுங்க. எலக்ஷன் முடியற வரைக்கும் அவங்களுதுன்னு வாக்குக் குடுத்திட்டேன்" என்றாள் தனபாக்கியம்.

"இது நகராட்சிக்குத் துரோகம்!"

"எந்த நகராட்சிக்குங்க? நான் நிக்கறது வெளியூரு" என்றாள். அவள் பத்தாம் அறை வாசலில் நின்றாள்.

வக்கீல் மேயரின் காதில் ஏதோ சொன்னார். மேயர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "உனக்கு என்ன வேண்டும்?" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த ஊரில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் பதில் சொல்வதற்குள் கிட்டுசாமி முன்னால் வந்தார். கைகட்டியிருந்தவர் அவிழ்த்துக்கொண்டார்.

"எல்லா ரூமுக்கும் பைப்பு. ட்ரெய்னேஜும். பாதி பாதி எல்லாம் வேண்டாங்க. குடுத்தீங்கன்னா அவங்கள அந்தக் கடைசி ரூமுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறோம். டிவியில வர்றதுக்கு அங்க பித்தளைத் தகடு கிடையாது."

அன்றைக்கே கூட்டம் நடந்தது. அணில் பற்றி யாரும் பேசவில்லை. ஜெபம்கூடச் சுருக்கமாக முடிந்தது. பல வருடங்களாக எந்த விதியாலும் முடியாதிருந்த காரியம், கையைத் தூக்கியதும் முடிந்துவிட்டது; மோட்டல் முழுவதும் ஊருக்குள் வந்தது. ப்ரூக்ஹில் பலகை கடைசி அறை ஜன்னலுக்கு மாறியது. மறுவாரம் குழி தோண்டும் இயந்திரம் வந்தது. ஒரு காலையில் குழாய் ஆட்கள் வாஷர் மாட்டி நிமிர்ந்து, திறந்து பாருங்கள் என்றார்கள். தனபாக்கியம் ஒவ்வொரு அறையாகப் போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டாள். மோட்டல் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். அடைக்க மனமில்லாமல் நின்றவளை, "வேஸ்ட் ஆகுது மாம்!" என்று வெண்பா ஓடி ஓடி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தாள்.

தேர்தலில் ஆர்டன்வில் கொஞ்ச வோட்டில் ஜெயித்தது. ப்ரூக்ஹில்காரர்கள் பாதிப்பேர் வேலையிலிருந்து திரும்பும் வழியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லப்பட்டது. மேயர் சதுக்கத்தில் வெற்றி உரை ஆற்றினார். மண்ணை நேசிப்பவன் மண்ணைவிட்டு அசையமாட்டான் என்றார். ஏரி, படகு, வராந்தா என்று அலைகிறவர்களுக்கு வேர் என்றால் என்ன தெரியும் என்றார். கண்ணீர்கூட வந்தது அவருக்கு.

இரண்டு நாள் கழித்து, மத்தியான வேளையில், அவர் தனியாக மோட்டலுக்கு வந்தார். தொப்பி இல்லை. மேசைக்கு முன்னால் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, மாதக் கணக்கில் ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டார்.

"யாருக்குங்க?" என்றார் கிட்டுசாமி.

"எனக்கு."

வீட்டில் சண்டையோ என்று கிட்டுசாமி பதறினார். அப்படி ஒன்றுமில்லை. மேயராக இருப்பவர் ஊர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்று ஒரு விதி. அவர் வீட்டை விற்றுவிட்டார். ப்ரூக்ஹில்லில், ஏரிக்கரையில், படகுத்துறையோடு புதுவீடு கட்டி முடிந்துவிட்டது. அதை அவருக்கு விற்றது தலைநகர்ப் போராட்டத் தலைவியான அந்தப் பெண்மணிதான். மிகவும் கண்ணியமான பெண்மணி என்றார் மேயர்.

"அப்ப இங்க வந்து தூங்குவீங்களா?"

"தூங்க மாட்டேன்" என்றார் மேயர். "விலாசம் போதும்."

கிட்டுசாமி மனைவியைப் பார்த்தார். தனபாக்கியம் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாலாம் நம்பருங்க" என்றாள். "தெனமும் துண்டு மாத்தோணுங்களா, வேண்டாமுங்களா?"

மேயர், விதி அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று வக்கீலைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, காரை ஏரிப் பக்கம் திருப்பினார்.